குருதிக்கலங்களின் மூலம்: ஓர் ஆராய்ச்சி வரலாறு

மனித உடலில் ஓடும் குருதி இடையறாத அழிவுக்கும் இடையறாத பிறப்புக்கும் உட்பட்டது. செங்குருதிக் கலம் ஒன்றின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுக்கள் எட்டு முதல் பத்து நாள் வரையே நிலைக்கும். நோய்க் கிருமிகளை விழுங்கும் வெண்குருதிக் கலங்களுட் பல, குருதியோட்டத்தில் ஒரு நாட்பொழுதுகூட நில்லாது மறைவன. இவ்விழப்பை ஈடுசெய்வதற்கு, வளர்ந்த ஒருவரின் உடல் ஒவ்வொரு நொடியிலும் ஏறத்தாழ 20 இலட்சம் செங்கலங்களைப் புதிதாக ஆக்க வேண்டியிருக்கின்றது. இத்துணைப் பெருஞ் செலவுக்கு ஈடான வரவு எங்கிருந்து வருகின்றது? முதிர்ந்த செங்கலத்தில் கரு இல்லை. ஆதலின் அது தன்னைப்போல் இன்னொன்றைப் பிறப்பிக்க வல்லதன்று. அதனைப் பிறப்பித்த தாய்க்கலம் ஒன்று இருத்தல் வேண்டும். அத்தாய்க்கலமே மூலக்கலம் எனவும் குருத்தணு எனவும் இக்காலத்தில் வழங்கப்படுவது. அதனை அறிஞர் தேடிக் கண்ட வரலாறு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்டது.

முன்னையோர் கருத்து

பண்டை மருத்துவர் குருதியின் பிறப்பிடமாக ஈரலையே சுட்டினர். கிரேக்க மருத்துவ மரபிற் சிறந்து விளங்கிய காலென், உண்ட உணவின் சாரம் ஈரலை அடைந்து அங்கே குருதியாக மாறுகின்றதெனக் கொண்டார். பாரத நாட்டுச் சுசுருத சங்கிதையும், இரசமானது ஈரலையும் மண்ணீரலையும் அடைந்து செந்நிறம் பெறுகின்றதெனக் கூறும். ஆயுள்வேத நூல்கள் கூறும் ஏழு தாதுக்களின் வைப்புமுறையில், இரசத்திலிருந்து குருதியும், குருதியிலிருந்து ஊனும், ஊனிலிருந்து கொழுப்பும், கொழுப்பிலிருந்து என்பும், என்பிலிருந்து மச்சையும் முறையே தோன்றும். பிற்கால ஆராய்ச்சி இவ்வரிசையின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கியது. மச்சை குருதியின் வழித்தோன்றலன்று. குருதியே மச்சையின் வழித்தோன்றல். எனினும் ஈரலையும் மண்ணீரலையும் சுட்டிய முன்னோர் முற்றும் பிழைத்தவரல்லர் என்பது பின்னர்ப் புலப்படும்.

என்பு மச்சையின் தொழில் முதன்முதல் வெளிப்பட்டது 1868ஆம் ஆண்டிலாகும். அக்காலத்துப் பிரசியாவின் கேனிக்ஸ்பேர்க் நகரிலிருந்த ஏணஸ்ற் நொய்மன் என்பவரும், இத்தாலி நாட்டுப் பவியா நகரிலிருந்த யூலியோ பிற்சொசேரோ என்பவரும், ஒருவர் முயற்சியை ஒருவர் சாராது, ஒரே ஆண்டில் ஒரே முடிவை வெளியிட்டனர். மச்சையின் சாற்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கிய நொய்மன், செந்நிறம் பெற்றும் கருவை இழக்காத கலங்கள் அங்கே செறிந்திருத்தலைக் கண்டார். அவை இளஞ்செங்கலங்கள் என்பதையும், முதிர்ந்து கருவிழந்த பின்னரே குருதியோட்டத்தை அடைகின்றன என்பதையும் அவர் உணர்ந்தார். உயிரற்ற என்பின் நடுவே வெறும் நிரப்புப் பொருள்போற் கிடந்ததெனப் பலராற் கருதப்பட்ட மச்சை, உயிர்த்தொழில் மிக்க உறுப்பென்பது இவ்வாறு நிறுவப்பட்டது. முதலில் ஐயத்துடன் நோக்கப்பட்ட இக்கருத்து, காலப்போக்கில் மறுக்கலாகாத உண்மையாயிற்று.

ஒரு தாயா, பல தாயரா?

பிறப்பிடம் தெரிந்தபின் எழுந்த வினா பெற்றவர் யார் என்பது. 1870களின் இறுதியில், செருமானிய அறிஞராகிய போல் ஏர்லிக், சாயப் பொருள்களால் குருதிக்கலங்களை நிறமூட்டும் முறையை வகுத்தார். அமிலச் சாயத்தை ஏற்பன, காரச் சாயத்தை ஏற்பன, இரண்டற்கும் நடுநிலையில் நிற்பன என வெண்கலங்கள் வகைவகையாகப் பிரிந்து தோன்றின. வகைகள் பெருகவே, அவற்றின் மூலமும் பலவாதல் வேண்டுமென்னும் எண்ணம் வலுப்பெற்றது. மச்சையிற் பிறக்கும் கலங்களுக்கு ஒரு மூலமும், நிணநீர்க் கணுக்களிற் காணப்படும் நிணநீர்க் கலங்களுக்கு வேறொரு மூலமும் உண்டென ஏர்லிக்கைப் பின்பற்றியோர் வாதிட்டனர். சுவிற்சர்லாந்து நாட்டு ஒற்றோ நேகெலி இக்கொள்கையை உறுதியாகப் பற்றியவராவர்.

எதிர்க்கட்சியினர், மூலம் ஒன்றே என்றனர். அவருள் தலைசிறந்தவர் இரசிய நாட்டு அலெக்சாந்தர் மக்சிமோவ். சென் பீற்றர்ஸ்பேர்க் இராணுவ மருத்துவக் கழகத்திற் பேராசிரியராயிருந்த அவர், முயல் முதலிய விலங்குகளின் முளையங்களை நாள்வாரியாக ஆராய்ந்தவர். 1909ஆம் ஆண்டு சூன் முதலாந் திகதி பேர்ளின் நகரில் நிகழ்த்திய விரிவுரையில், குருதியின் எல்லா வகைக் கலங்களுக்கும் பொதுவான மூலக்கலம் ஒன்றே எனவும், அது முளையப் பருவத்தில் மட்டுமன்றி வாழ்நாள் முழுவதும் நிலைத்திருப்பது எனவும், தோற்றத்தில் நிணநீர்க் கலத்தை ஒத்தது எனவும் அவர் எடுத்துரைத்தார்.

இரு கட்சியினரும் கூரிய நோக்கினரே. இரு கட்சியினர் கையிலும் சிறந்த நுணுக்குக்காட்டிகள் இருந்தன. ஆயினும் வழக்கு அரை நூற்றாண்டுக் காலம் தீராது நின்றது. அதற்குக் காரணம் உண்டு. நிறமூட்டிய கண்ணாடித் தகட்டில் உள்ளவை இறந்த கலங்கள். அவை ஒவ்வொன்றும் ஒரு கணத்தின் படம். எது எதனைப் பெற்றது என்பதைப் படம் உரைக்காது. மேலும், மூலக்கலத்துக்குத் தனித்த அடையாளம் எதுவும் இல்லை. உருவத்தால் அது ஏனைய சிறு கலங்களோடு ஒன்றிக் கிடப்பது. அளவை நூலார் காண்டல், கருதல் என உண்மையறியும் வழிகளைப் பகுப்பர். மூலக்கலத்தைக் காண்டலால் அறிய முயன்றதே இவ்வழக்கு நீண்டதற்குக் காரணமாயிற்று. அதன் செயலை அளந்து, அதன் வழித்தோன்றலைக் கொண்டு கருதியறிதலே எஞ்சிய வழி. அவ்வழியைத் திறந்தது ஒரு பெருங்கொடுமை.

கதிர்வீச்சு உணர்த்திய பாடம்

1945ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 6ஆம், 9ஆம் திகதிகளில் யப்பானின் இரோசிமா, நாகசாகி நகரங்கள் அணுக்குண்டுகளால் அழிந்தன. வெப்பத்துக்கும் அதிர்ச்சிக்கும் தப்பியவருட் பலர், சில கிழமைகள் கழித்துக் குருதி கசிந்தும், கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் இழந்தும் மாண்டனர். ஊடுருவிச் சென்ற கதிர்கள் அவர்தம் மச்சையை அழித்திருந்தன. முன்னிருந்த கலங்கள் தம் வாழ்நாளை முடிக்க, அவற்றின் இடத்தை நிரப்பப் புதியன பிறக்கவில்லை. கதிர்வீச்சுக்கு மாற்று யாது என்னும் வினா அதன்பின் பல நாட்டு ஆய்வுகூடங்களை ஆட்கொண்டது.

1949ஆம் ஆண்டில் சிக்காகோவில் லியோன் யேக்கப்சன் என்பவரும் அவர்தம் கூட்டத்தாரும், எலிகளின் மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மறைத்து, உடலின் ஏனைய பகுதி முழுவதன்மீதும் கொல்லுமளவுக்குக் கதிர் பாய்ச்சினர். இறக்க வேண்டிய எலிகளுட் பெரும்பாலன பிழைத்தன. எலியின் மண்ணீரல் வாழ்நாள் முழுவதும் குருதியாக்கும் உறுப்பு என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1951இல் ஈகன் லொறென்ஸ் முதலியோர், கதிர் பாய்ந்த எலிகளுக்கு வேறு எலிகளின் மச்சையை ஊசிவழி ஏற்றியும் அவற்றைக் காக்கலாமென நாட்டினர்.

காத்தது எது? மண்ணீரலிலும் மச்சையிலும் சுரக்கும் ஏதோவொரு பொருள், எலியின் அழிந்த கலங்களை மீட்டெழுப்புகின்றதென யேக்கப்சன் முதலில் எண்ணினார். ஏற்றப்பட்ட கலங்களே வேரூன்றிப் பெருகுகின்றன என வேறு சிலர் கருதினர். இதனைத் தீர்த்து வைத்தவர் இங்கிலாந்தின் ஆவெல் ஆய்வுநிலையத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் போட் முதலியோராவர். வடிவால் வேறுபட்ட நிறமூர்த்தம் ஒன்றைப் பிறப்பிலேயே பெற்றிருந்த எலிகளின் மச்சையை, அவ்வடையாளம் இல்லாத எலிகளுக்கு அவர்கள் ஏற்றினர். பிழைத்த எலிகளின் மச்சையிற் பிரிவடையும் கலங்களை ஆராய்ந்தபோது, அவை கொடுத்த எலியின் அடையாளத்தையே தாங்கி நின்றன. 1956ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முடிவு, காத்தது சுரப்பன்று, கலமே என்பதை ஐயமற நிறுவியது. யேக்கப்சன் தேடிய சுரப்பு முற்றிலும் பொய்யாகிவிடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. செங்கலங்களின் பெருக்கத்தைத் தூண்டும் எரித்திரோபொயற்றின் என்னும் ஓமோன், வளர்ந்தவர் உடலில் முக்கியமாகச் சிறுநீரகத்திலிருந்து எழுவதென்பதை 1957இல் வெளிக்கொணர்ந்தவரும் அவரும் அவர்தம் கூட்டத்தாருமே.

ரொறன்ரோவில் எண்ணிய முடிச்சுக்கள்

மச்சையில் ஏதோவொரு கலம் இவ்வாற்றலை உடையது என்பது தெளிந்தது. அது ஒரு வகையா, பல வகையா என்பது தெளியவில்லை. இந்நிலையில் கனடா நாட்டு ரொறன்ரோ நகரில், ஒன்ராரியோப் புற்றுநோய் ஆய்வு நிலையத்தில் இருவர் கூடினர். ஒருவர் மருத்துவராகிய ஏணஸ்ற் மக்கலக். மற்றவர் உயிர்ப்பௌதிகராகிய யேம்ஸ் ரில். ஒருவர் உடலை அறிந்தவர். மற்றவர் அளவையை அறிந்தவர். அவர்கள் மூலக்கலத்தைத் தேடப் புறப்பட்டவரல்லர். மச்சைக்கலங்கள் எவ்வளவு கதிரைத் தாங்கும் என்பதை அளப்பதே அவர்தம் நோக்கம்.

கதிர் பாய்ந்த எலிகளின் நாளத்தில், எண்ணி அளந்த மச்சைக்கலங்கள் ஏற்றப்பட்டன. பத்து நாள் கழித்து, 1960ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆய்வுகூடத்துக்கு வந்த மக்கலக் அவ்வெலிகளின் மண்ணீரலைச் சோதித்தபோது, அதன் மேற்பரப்பிற் சிறு முடிச்சுக்கள் எழுந்திருக்கக் கண்டார். அவற்றை எண்ணி, ஏற்றிய கலங்களின் தொகைக்கு எதிரே குறித்தபோது, புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் அமைந்தன. இருமடங்கு கலம் ஏற்றினால் இருமடங்கு முடிச்சு. பத்து மடங்கு ஏற்றினாற் பத்து மடங்கு. இரு கலங்கள் சேர்ந்தே ஒரு முடிச்சை ஆக்குமாயின், இக்கோடு நேராய் இராது வளைந்து மேலேறியிருக்கும். ஆதலின் ஒரு முடிச்சுக்கு ஒரு கலமே காரணம் என்னும் கருத்து எழுந்தது. ஏறத்தாழ 10,000 மச்சைக்கலங்களுக்கு ஒரு முடிச்சே தோன்றியமையால், அக்கலம் எத்துணை அரிது என்பதும் புலனாயிற்று. 1961இல், கதிர்வீச்சு ஆராய்ச்சிக்குரிய இதழொன்றில் வெளியான இக்கட்டுரை, வெளிவந்தபோது பெரிதும் பேசப்படவில்லை.

நேர்கோடு கருத்தை எழுப்பியதேயன்றி நிறுவவில்லை. நிறுவியவர் அவர்தம் மாணவராகிய அன்ட்று பெக்கர். கதிர் பாயும்போது சில கலங்களின் நிறமூர்த்தங்கள் முறிந்து, தாறுமாறாக ஒட்டிக்கொள்வதுண்டு. அவ்வாறு நேரும் உருவம் ஒவ்வொரு கலத்திலும் வெவ்வேறாகும். மூதாதை ஒருவரின் மச்சம் வழிவழி வருவதுபோல், அஃது அக்கலத்தின் வழித்தோன்றல்களில் மட்டும் தொடரும். அத்தகைய அடையாளம் தோன்றிய முடிச்சுக்களிற் பிரிவடையும் கலங்கள் ஏறத்தாழ அனைத்தும் அவ்வொரே அடையாளத்தைத் தாங்கியிருக்கக் கண்டனர். முடிச்சினுள்ளோ செங்கலங்களின் இளையனவும், வெண்கலங்களின் இளையனவும், சிறுதட்டுக்களை உதிர்க்கும் பெருங்கலங்களும் கலந்திருந்தன. ஒரு தாய், பல வகை மக்கள் என்பது இவ்வாறு 1963இல் உறுதியாயிற்று. அதே ஆண்டில் லூயி சிமினோவிச் என்பவரோடு சேர்ந்து, ஒரு முடிச்சின் கலங்களை எடுத்து வேறு எலிகளுக்கு ஏற்ற, அங்கும் முடிச்சுக்கள் எழக் கண்டனர். எனவே மூலக்கலம் பிற வகைகளாக மாறுவதோடு தன்னைப்போன்றதையும் ஆக்கவல்லது. வேறுபடுதல், தன்னைப் புதுப்பித்தல் என்னும் இவ்விரண்டு ஆற்றல்களாலேயே இன்றளவும் மூலக்கலத்துக்கு இலக்கணம் கூறப்படுகின்றது.

1968இல், முடிச்சின் அடையாளமே நிணநீர்க் கலங்களிலும் காணப்பட்டதாக ரொறன்ரோ அறிஞர் வெளியிட்டனர். 59 ஆண்டுகளுக்கு முன் மக்சிமோவ் கூறியது மெய்யாயிற்று. ஆனால் அவர் 1928இலேயே காலமாகிவிட்டார். பிற்காலத்தில், எட்டாம் நாள் அளவிலே எழும் முடிச்சுக்கள் முதன்மூலக் கலத்தினின்றும் எழுவனவல்ல, அதன் அடுத்த தலைமுறைகளினின்றும் எழுவன என்பதும் தெரியவந்தது. இத்திருத்தம் அளவையைத் திருத்தியதேயன்றி இலக்கணத்தை மாற்றவில்லை.

கலம் வேறுபடும் முறை

மூலக்கலம் ஒரே பாய்ச்சலிற் செங்கலமாவதில்லை. அது பிரிவடையும்போது ஒரு பகுதி மூலக்கலமாகவே எஞ்ச, மற்றது படிப்படியாக உரிமைகளை இழந்து, ஒரு தொழிலுக்கே உரியதாகும். செங்கலத்தின் வழியில், பெரிய கருவுடைய இளங்கலம் பலமுறை பிரிந்து சிறுத்து, ஈமோகுளோபினால் நிறைந்து, இறுதியிற் கருவை வெளியே தள்ளிவிட்டு, ஓரிரு நாளில் முழுச் செங்கலமாக முதிரும். 1868இல் நொய்மன் கண்டவை இவ்வழியின் இடைப்படிகளே. சிறுதட்டின் வழியில், கலம் பிரியாமலே கருவின் பொருளைப் பன்மடங்காக்கிப் பருத்து, பின்னர் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாக உதிரும். நிணநீர்க் கலத்தின் ஒரு வகை மச்சையை விட்டு நீங்கி, மார்பிலுள்ள தைமசுச் சுரப்பியை அடைந்து, அங்கே பயிற்சி பெறும்.

இவ்வழிகளைத் தூண்டும் பொருள்களைத் தேடியவர் பலர். 1960களின் நடுப்பகுதியில் இசுரேலிற் புளுஸ்னிக், சாக்ஸ் என்போரும், மெல்பேணிற் பிறட்லி, மெற்காவ் என்போரும் மச்சைக்கலங்களைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கும் முறையைக் கண்டனர். 1977இல் எரித்திரோபொயற்றினைத் தூய்மையாகப் பிரிப்பதற்கு, கடுஞ்சோகை நோயாளரின் சிறுநீர் 2,550 இலீற்றர் தேவைப்பட்டது. இன்று அதே பொருள் பரம்பரையலகுத் தொழில்நுட்பத்தாற் பேரளவில் ஆக்கப்பட்டு, சிறுநீரக நோயாளரின் சோகையைத் தணிக்கின்றது.

முளையத்தில் இவ்வரலாறு வேறு இடங்களில் நிகழ்கின்றது. மூன்றாங் கிழமையளவிற் கருவூண்பையில் முதற் குருதிக்கலங்கள் தோன்றும். நான்காங் கிழமையளவிற் பெருநாடியின் உட்சுவரிலிருந்து, வாழ்நாள் முழுவதும் நிலைக்கவிருக்கும் மூலக்கலங்கள் அரும்பும். அவை ஈரலிற் குடியேறிப் பெருகும். கருப்பவாசத்தின் பெரும்பகுதியில் ஈரலே முதன்மையான குருதியாக்கும் உறுப்பு. பின்னரே அவை மச்சையை அடைந்து அங்கு நிலைகொள்ளும். காலெனும் சுசுருத மரபினரும் ஈரலைச் சுட்டியது, பிறவாத குழந்தையைப் பொறுத்தவரை உண்மையே.

நோயாளர் பெற்ற பயன்

1957இல் அமெரிக்க மருத்துவர் டொனல் தோமஸ், கதிர்சிகிச்சை பெற்ற நோயாளருக்குப் பிறர் மச்சையை ஏற்றிய செய்தியை வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஒற்றோபர் மாதம், யூகோசிலாவியாவின் வின்சா ஆய்வுநிலையத்து அணு உலையில் நேர்ந்த விபத்தில் அறுவர் கதிருக்கு ஆளாயினர். பாரிசு நகரில் யோர்ஜ் மற்றே அவருள் ஐவருக்குப் பிறர் மச்சையை ஏற்றினார். ஒருவர் இறக்க, ஏனையோர் பிழைத்தனர். ஏற்றிய கலங்கள் நிலையாக வேரூன்றவில்லை. நோயாளரின் சொந்த மச்சை மீண்டெழும் வரை அவை துணைநின்றன போலும்.

தொடர்ந்து வந்த ஆண்டுகள் தோல்வி மிக்கவை. ஏற்கும் உடல் புதிய கலங்களை நிராகரித்தது. அன்றேல் புதிய கலங்கள் ஏற்ற உடலையே தாக்கின. மருத்துவர் பலர் இம்முயற்சியைக் கைவிட்டனர். தோமஸ் கைவிடவில்லை. சான் டோசே முதலியோர் ஆராய்ந்த இழையப் பொருத்தத்தின் விதிகள் தெளிவாகவே, 1960களின் இறுதி முதல் இம்முறை மெல்ல உயிர்பெற்றது. 1990இல் தோமசுக்கு நோபெற் பரிசு கிடைத்தது. 1988இற் பாரிசில் எலியேன் குளுக்மன், கொப்பூழ்க்கொடிக் குருதியிலுள்ள மூலக்கலங்களைக் கொண்டு ஒரு சிறுவனைக் காத்தார். 2012ஆம் ஆண்டின் இறுதியில், உலகெங்கும் நிகழ்ந்த இத்தகைய மாற்றீடுகள் பத்து இலட்சத்தை எட்டின.

எஞ்சி நிற்பன

1988இல் ஏர்விங் வைஸ்மன் கூட்டத்தார், மேற்பரப்பிலுள்ள புரதங்களை அடையாளமாகக் கொண்டு எலியின் மூலக்கலங்களைப் பிரித்தெடுத்தனர். 1996இல் யப்பானிய அறிஞர், ஒரேயொரு கலத்தை ஏற்றி எலியின் குருதியை நெடுங்காலத்துக்கு நிலைநிறுத்தலாமெனக் காட்டினர். ஏறத்தாழ ஐந்து எலிகளில் ஒன்றில் இது கைகூடியது. 2011இல் மனிதரின் ஒற்றை மூலக்கலத்தைக் கொண்டு இவ்வாறு காட்டியவர் ரொறன்ரோவின் யோன் டிக் கூட்டத்தார். 2018இல் இங்கிலாந்து ஆய்வாளர், 59 வயதுடைய ஒருவரின் குருதிக்கலங்களில் இயல்பாக நேர்ந்த பரம்பரையலகு மாற்றங்களைக் கொண்டு, அவற்றின் குலமுறையை வரைந்தனர். அவ்வொருவரின் குருதியை வழங்கும் மூலக்கலங்கள் 50,000 முதல் 2,00,000 வரையென மதிப்பிட்டனர். முறிந்த நிறமூர்த்தத்தைக் கொண்டு பெக்கர் கையாண்ட தருக்கமே ஈண்டும் கையாளப்பட்டது.

மூலக்கலத்தைத் தன்னியல்பு கெடாமல் உடலுக்கு வெளியே பேரளவில் வளர்த்தல் நெடுங்காலம் அரிதாயிருந்தது. 2024இல் மெல்பேண் ஆய்வாளர், தோற்கலம் முதலியவற்றை முளைய நிலைக்கு மீட்டுப் பெறும் கலங்களிலிருந்து, எலியின் மச்சையில் வேரூன்றும் குருதி மூலக்கலங்களை ஆக்கியமை இத்துறையில் ஒரு புதிய படியாகும். அதனை மனிதருக்குப் பயன்படுத்துமுன் கடக்க வேண்டிய தூரம் உண்டு.

இவ்வரலாறு கற்போருக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. ஒரு தாயா, பல தாயரா என்னும் வழக்கில், அறிஞரின் கண்கள் தவறவில்லை. கேட்ட வினாவுக்குக் கண்கள் தக்க கருவியாயிருக்கவில்லை. எப்படித் தோன்றுகின்றது என்பதை விடுத்து, என்ன செய்கின்றது, எதனைப் பெறுகின்றது என வினவிய அன்றே விடை கிடைத்தது. மூலக்கலத்தைக் காட்டிக்கொடுத்தவை அதன் மக்களே. ஆய்வுகூடத்தில் எண்ணப்பட்ட சில முடிச்சுக்கள், மாளவிருந்த பல்லாயிரவரின் மச்சையை மீண்டும் தளிர்க்கச் செய்தன.